இரண்டில் ஒன்று தேயும்

முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு
கியாட் ஹோ கூப்பிட்டார். விரலை வை என்றார்.
ரோட்டரின் விளிம்பில் ஒரு வரப்பு,
நகத்தில் தட்டியது.
புதிதில் இருபத்தொரு மில்லிமீட்டர்.
இப்போது பத்தொன்பது புள்ளி இரண்டு.
பத்தொன்பதில் தூக்கிப்போட வேண்டும் என்று
அதன் உடம்பிலேயே பொறித்திருக்கிறது.
நமக்கு அந்த வசதி இல்லை
என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"இன்னும் எத்தனை காலம் இந்த வண்டி?"
சின் மிங்கில் விலைக்கும் முன்னால் வரும் கேள்வி.
பதினான்கு மாதம். சிஓஇ முடிகிறது.
புதுப்பிக்கக் கேட்கும் காசைச் சொன்னால்
என் சின்ன சுசூகியே கூச்சப்படும்.
"அப்படியானால் மலிவானதைப் போடு.
நல்லதைப் போட்டால்
பாதி உயிரோடு உடைக்கப் போகும்."
நேர்மையான மனிதர். அதனாலேயே எனக்குத் தூக்கம் போனது.
சக்கரத்தை மாட்டிக்கொடுத்து
ஒரு வாரம் யோசிக்கச் சொன்னார்.

சித்தப்பா மகன் இளமாறன் படம் படமாக அனுப்பினான்:
துளையிட்ட ரோட்டர், கீறலிட்ட ரோட்டர்,
பந்தயக்காரர்கள் போடும் பேட்.
ஆண்டுக்கொரு முறை செப்பாங் போய்
வட்டமடித்துவிட்டு வருகிறவன் அவன்.
அந்த பேட் சூடேறினால்தான் பிடிக்குமாம்.
என் நாளின் முதல் பிரேக்
ஈசூனில், கார்நிறுத்தத்தின் ஐந்தாம் மாடியிலிருந்து
சுற்றிச் சுற்றி இறங்கும் சரிவில்,
காலை ஐந்தே முக்காலுக்கு,
எல்லாம் குளிர்ந்து கிடக்கும்போது.
உலோகம் கலந்தது நன்றாகக் கடிக்கும், கீச்சிடும்;
எதிர் புளோக்கில் கைக்குழந்தை இருக்கிறது.
செராமிக் சத்தம் போடாது, கரித்தூள் கொட்டாது,
விலை கூட.
ரோட்டருக்குத் துளை எதற்கு, வெற்றுத் தட்டு போதும்.
அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

குழப்பம், நூர்ஹயாத்தியின் கால்.
பக்கத்து இருக்கையில் துவாஸ் வரை வருகிறவள்.
மூன்று மாதமாக அவளுடைய வலது கால்
இல்லாத பெடலை மிதிக்கிறது,
கைப்பேசியைப் பார்த்தபடியே, அவளுக்கே தெரியாமல்.
போன செவ்வாய், மழையில், ஜூரோங் வெளிவழியில்
முன்னால் போன லாரி சட்டென்று நின்றது.
நான் மிதித்தேன். அவளும் மிதித்தாள்.
நின்றோம்,
எப்போதும் நிற்கும் இடத்துக்கு
இரண்டடி தள்ளி.
லாரியின் பின்பலகைமேல் கை தொங்கவிட்டிருந்த இளைஞன்
கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.
பிறகு, நாங்கள் சங்கடப்படக் கூடாதென்பதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பதினான்கு மாதத்தில் எத்தனை செவ்வாய்?
கணக்குப் போட்டேன். அறுபது வந்தது.

செராமிக் என்றேன். வெற்று ரோட்டர், ஆனால் நல்ல வார்ப்பு.
கியாட் ஹோ மறுக்கவில்லை.
"இரண்டில் ஒன்று தேயும்.
பேட் தேயட்டும், தட்டு இருக்கட்டும்" என்றபடி
புது ரோட்டரின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்தார்,
பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதைவிடக்
கொஞ்சம் முரட்டுத்தனமாய்.
பிறகு மருந்துச்சீட்டு எழுதுகிறவர்போலச் சொன்னார்:
அறுபதில் போ, பதினைந்துக்கு இறக்கு,
பத்துத் தடவை.
முழுக்க நின்றுவிடாதே.

இரவு பதினொன்றரை, லிம் சூ காங் சாலை.
ஒருபுறம் கல்லறைகள்.
பின்னால் ஒரு விளக்கும் இல்லை.
ஓடினேன், நின்றுவிடுவதுபோல் வந்தேன், நிற்கவில்லை.
மறுபடி.
ஆறாவதில் கருகல் வாடை உள்ளே ஏறியது.
வேலியோரம் ஒரு நாய் எழுந்து
இவளுக்கு எங்கேதான் போகவேண்டும் என்று பார்த்தது.
பத்தாவதில் பெடல் வேறாக இருந்தது,
பாதிச் சொல்லிலேயே
விஷயம் புரிந்துகொள்கிறவர்போல.

திங்கட்கிழமை. அதே வெளிவழி, அதே சிவப்பு.
நின்றோம்.
நூர்ஹயாத்தியின் கால் அழுந்தியிருந்தது.
"புது பிரேக்" என்றேன்.
"தெரிகிறது, சத்தமே இல்லை" என்றாள்.
காலை எடுக்கவில்லை.