முந்நூற்று ஒன்றாம் முளை

கல்லறை என்றுதான் பாது சொல்வான்.
கானாவில், சுஹூமுக்கு வடக்கே,
கொக்கோத் தோப்பு முடிகிற செம்மண் சரிவில்
முந்நூறு மர முளைகள்,
பாதி மண்ணுக்குள், பாதி வெயிலில்,
தலைக்குத் தலை ஒரு தகர எண்.

ஆறு மாதத்துக்கொருமுறை மான்சா வருவாள்.
தட்டுவாள், பிடுங்குவாள்,
கத்தி முனையால் குத்திப் பார்ப்பாள்.
பழுதில்லாததற்குப் பத்து.
கையோடு பாதி மட்டும் வந்தால் சுழி.

வாவா முதல் மழையிலேயே போயிற்று.
வெளியே முளைதான். இழுத்தால்
காகிதம்போல் ஒரு தோல், உள்ளே ஈர மண்,
வெள்ளையாய் ஓர் அவசரம்.
எம்மிரே இரண்டு வருஷம் தாங்கியது.
தேக்கா?
பெயரைக் கேட்டுப் பயப்படுகிற கறையான் எங்கே இருக்கிறது!
பன்னிரண்டு வயதுத் தேக்கில் வெளிறுதான் அதிகம்.
அது போக நின்றது
ஒரு விரல் கனம்.

அந்த வருஷம்தான் மான்சாவின் வீட்டுக் கதவு நிலை
உட்கார்ந்துவிட்டது.
வாவாவுக்குச் சாயம் பூசி, ஓடும் என்று விற்றவன் நுவாமா,
சர்ச் பாடகர் குழுவில் அவளுக்குப் பின்வரிசை.
அவள் சண்டைக்குப் போகவில்லை.
நிலையில் ஒரு துண்டு அறுத்து வந்து நட்டாள்.
முந்நூற்று ஒன்று.
ஆறு மாதத்தில் சுழி.
மிஞ்சிய தோலைத் தகர எண்ணோடு
அவனுக்குத் தபாலில் அனுப்பினாள்.
அடுத்த ஞாயிறு பின்வரிசையில்
ஒரு குரல் குறைந்தது.

ஓடும் என்பது பெயர்தான்;
பதினோராம் ஆண்டிலும் நட்ட இடத்தில் நிற்கிறது.
கறையான் அதன்மேல் மண்சாலை போட்டு ஏறி
ஒன்றும் கிடைக்காமல்
இறங்கிப் போயிருக்கிறது.
உயிரோடிருந்த நாளில் மரம்
செத்துப்போன தன் நடுவுக்கு
கொஞ்சம் கொஞ்சமாய் அனுப்பி வைத்த கசப்பு.
வைரம் என்கிறோம்.
தீராத பகைக்கும் அதுவே சொல்.

ஹர்மட்டான் காற்று நின்றபின்
கொட்டகையைத் திறந்தால்
பதிவேட்டின் ரெக்சின் அட்டை இருக்கிறது,
பக்கங்கள் இருந்த இடத்தில் ஒரு சின்னப் புற்று.
பதினோரு வருஷத்துப் பத்துகளும் சுழிகளும்
ஒரே வயிற்றில்.
பாது உதட்டைக் கடித்துக்கொண்டு
வெளியே போனான்.

புற்றை உடைத்ததில் ஒரு பென்சில் விழுந்தது.
முழுசாக.
மான்சா சீவினாள், தேவதாரு வாசம் வந்தது.
சுண்ணாம்புச் சுவரில்
முதல் வரியை எழுதினாள்:

பென்சில், ஒன்பது.
வண்ணம் உரிந்ததற்கு
ஒன்று கழித்து.