நாற்பது முள்

இண்டியானாவின் தெற்கே, கடலே கண்ணில் படாத
சோளக்காட்டு நடுவில் கடற்படைக்கு ஒரு கூடம்.
அங்கே என் உத்தியோகம்
‘முடியாது’ என்பது.

வருகிறவர்கள் கம்பெனிக்காரர்கள். அழகாகப் பேசுவார்கள்.
எங்கள் சோனாருக்கு நாற்பத்திரண்டு முள் வேண்டும்.
முடியாது. நாற்பது.
அரை அங்குலம் உயரம் கூட்டினால்...
முடியாது.
உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும்.
பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன்
கப்பல் சாய்கிற இரவில்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
உருவி எறிந்து, புதிதைச் செருக வேண்டும்.
உள்ளே என்ன சுற்று என்று
அவன் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.
எண் தெரிந்தால் போதும்.

“இது எந்தப் பெட்டிக்குப் போகிறது, ராய்ஸ்?”
பக்கத்து மேசை வெர்லீன் ஹாட்லி கேட்பாள்,
பற்றவைப்புப் புகையைக் கையால் விலக்கியபடி.
எந்தப் பெட்டிக்கும், என்பேன்.
அதற்காகத்தானே இத்தனை முடியாது.
இது வெறும் பெருக்கி.
திமிங்கிலம் பாடினாலும் சுழலி உறுமினாலும்
வந்ததை நூறு மடங்காக்கித் தரும்.
கேட்கிற பெட்டியில் செருகினால் கேட்கும்.
இன்னொரு பெட்டியில் செருகினால்
அந்த வரிக்கு
விவரக்குறிப்பில் இடம் விடவில்லை.

நவம்பரில் ஒன்று திரும்பி வந்தது.
என் முத்திரை, நூற்றுப் பதினேழு.
கட்டியிருந்த சீட்டில் பென்சில் எழுத்து:
‘வானிலைப் பெட்டியிலிருந்து கழற்றி
ஏவுகணைப் பெட்டியில் போட்டோம்.
முதல் தடவையே பொருந்தியது.
பிற்பாடு சந்தேகத்தின் பேரில் அனுப்புகிறோம்.
டன்லீவி.’

சூடாக்கிப் பார்த்தேன். உறையவைத்துப் பார்த்தேன்.
அதிர்வு மேசையில் ஒரு மணி நேரம் ஆட்டினேன்.
குறையே இல்லை.

மாற்றிச் செருகிவிடாதபடி
ஓரத்தில் இரண்டு சாவி முள் உண்டு,
நானே வரைந்தவை.
ஐந்து வோல்ட் இடத்தில் பன்னிரண்டு நுழையாது.
தவறு என்று நாங்கள் அறிந்ததெல்லாம் அதுதான்.
வேறு தவறுக்குச் சாவி செய்யச் சொல்லி
யாரும் கேட்டதில்லை;
நானும் வரைந்து காட்டியதில்லை.

‘பழுது காணப்படவில்லை.’
எழுதி, துடைத்து, உறையிலிட்டு
மறுபடி குத்தினேன் நூற்றுப் பதினேழை.
முதலில் கேட்கிறவனுக்குப் போகும்.

சீட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்,
விதிப்படி கூடாது.

வண்டி நிறுத்துமிடம் வரை கூடவே நடந்தாள் வெர்லீன்.
மேற்கே கறுத்திருந்தது.
மழை வருமா என்றாள்.
அந்தக் கப்பலில் அன்று
யாருக்கும் அது தெரிந்திருக்காது
என்று சொல்ல வந்து,
சாவியைத் தேடினேன்.