வெற்றுச் சீட்டு

கீழே பனித்தளத்தில் கற்கள் வழுக்கிப் போய்
ஒன்றையொன்று முட்டும் ஓசை.
மேலே, டுலூத் நகரத்துக் கர்லிங் மன்றத்தின் மாடியில்
எண்பத்து மூன்று பேர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறோம்.
தலைக்கு நூறு டாலர்.
மூன்று மாதத்துக்கு ஒரு முறை.
மொத்தத்தையும் ஒரே இரவில் ஒரே கையில் கொடுத்துவிடுவது,
அதுதான் நமக்கு ஒரே விதி என்பாள் ஆர்டிஸ்.
(இன்னும் பதினான்கு இருக்கின்றன. அவளே தட்டச்சு செய்தவை.)

என் நூறை நான் நாலு தவணையாகக் கட்டுகிறேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளின் நூறும்
பல் மருத்துவரின் நூறும்
சீட்டில் ஒரே எடை.
எனக்கு அது பிடிக்கும்.
சீட்டு எண்ணும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தூண்டில் பெட்டிக்குள் கைவிட்டு
மூன்று பெயர் எடுத்தாள் ஆர்டிஸ்.
பெயருக்கு ஐந்து நிமிடம்.
முட்டை வேகவைக்கும் கடிகாரம் மேசைமேல்.

ஓப்பல் டுஃபோ:
சக்கர நாற்காலி ஏற்றும் வேனுக்கு கியர் பெட்டி போய்விட்டது.
நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு
மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

பா ஹூவா வாங்:
மருத்துவமனையில் இரவு நேரத்துக்கு
ஹ்மாங் மொழி பேசும் ஆள் வேண்டும்.
"எனக்கு அப்போது ஒன்பது வயது.
டாக்டர் சொன்னதை அம்மாவுக்கு நான்தான் சொன்னேன்.
கட்டி என்பதற்கு எங்கள் பேச்சில் சொல் தெரியவில்லை.
உள்ளே ஒரு உருளைக்கிழங்கு என்றேன்.
அம்மா சிரித்தாள்."
கடிகாரம் மணியடித்தது.
யாரும் அதை நிறுத்தவில்லை.

கடைசியாக ரூன் டோலஃப்சன்.
முதல் தெருவின் இரவுக் காப்பகம்.
வெப்ப உலைக்கு முப்பத்தொரு வயது.
படம் காட்டினார்: துரு, அதன்மேல் டேப், டேப்பின்மேல் துரு.
நாற்பது கட்டில்.
போன ஜனவரியில் எல்லாரும் பூட்ஸோடு படுத்தார்கள் என்றார்.

என் தம்பி லைல் அங்கேதான் படுக்கிறான்.
இந்தக் கூடத்தில் அது யாருக்கும் தெரியாது.
என் வீட்டில் ஒரு அறை காலி,
அதுவும் தெரியாது.
இருபது மாதத்துக்கு முன் நான்தான் பூட்டை மாற்றினேன்.
காரணம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.
உலைக்குக் குறி போட்டால்
நூறு டாலரில் கணக்குத் தீர்ந்த மாதிரி ஆகிவிடும்.
போடாவிட்டால்
பென்சில் முனையைக் கடித்தேன்.
சீட்டை அப்படியே மடித்தேன்.

முப்பத்தேழு.
முப்பத்தேழு.
வேனுக்கு எட்டு.
ஒன்று வெறுமை.
இரண்டு தரம் எண்ணினேன்,
மூன்றாம் தரம் எண்ணுவதுபோல் நடித்தேன்.
"வெற்றுச் சீட்டுக்காரர் இப்போது எழுதலாம்," என்றாள் ஆர்டிஸ்,
எல்லாரையும் பார்த்து, என்னைத் தவிர.
கீழே யாரோ கத்தினார்கள்: தேய், இன்னும் தேய்.
நான் வாய் திறக்கவில்லை.
ஒன்பதாம் விதிப்படி காசு சுண்டினார்கள்.
பா ஹூவா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வாகன நிறுத்தத்தில் ஏரிக்காற்று தோலை உரித்தது.
தோற்றவரின் கார் ஜன்னலைத் தட்டியபடி ஒரு வரிசை.
அவருக்குக் குறி போடாதவர்களும்தான்.
ஒருத்தி கசங்கிய இருபது டாலர்.
ஒருத்தி, "எங்கள் வீட்டுக்காரருக்கு உலை வேலைதான்,
சனிக்கிழமை வருவார், கூலிப் பேச்சை எடுக்காதீர்கள்."
பல் மருத்துவரின் பேனாவில் மை உறைந்துவிட்டது;
ஊதி ஊதிக் காசோலை எழுதினார்.

கடைசியில் நான்.
"லைல் என்று ஒருவன் அங்கே..."
"பெயர்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை, அம்மா."
மென்மையாகத்தான் சொன்னார்.
கண்ணாடியைப் பாதி ஏற்றியவர் நிறுத்தினார்.
என் முகத்தில் யாரையோ தேடுகிறவர்போல் பார்த்தார்.
"சும்மா கேட்கிறேன்.
பதினோராம் அளவில் ஆண் பூட்ஸ் ஏதும் கைவசம் உண்டா?
ஒருவருக்கு வலது கால் பிளந்துவிட்டது."

பதினொன்று.
அப்பாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டு
பதினைந்து வயதிலேயே ஏரிப்பனிமேல் ஓடுவான்.
அது காலி அறையின் அலமாரியில், அடித்தட்டில்,
செய்தித்தாள் திணித்து.

"இருக்கிறது," என்றேன்.
"நாளைக்கு யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்."

யாரிடம், என்றேன்.
கார் போய்விட்டிருந்தது.