பதின்மூன்று மீட்டர்

ஏழாவது வளைவில் இந்தக் கிராஸ் வண்டி
ஒரே மூச்சில் திரும்பியதில்லை.
வலப்பக்கம் பாறை.
இடப்பக்கம் முந்நூறடி ஆழத்தில் எங்குரி ஆறு,
யாரோ உதறிப்போட்ட சாம்பல்நிறக் கயிறு.

முன்னே போ, பாறையை முட்டாமல் நில்.
பின்னே வா.
பின்சக்கரத்துக்கும் வெறுங்காற்றுக்கும் நடுவே
ஜும்பெர் ஒரு கல்லோடு நிற்பான்.
"இன்னும்… இன்னும்… ஏய், போதும்!"
அவன் கல்லைத் திணிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான்
பிரேக்கிலிருந்து என் கால் எழும்.
மறுபடி முன்னே. மறுபடி பின்னே.
மூன்று முறை.
பதினெட்டு வருஷம், வாரத்துக்கு இரண்டு நடை,
மாவு, தகரம், சிமென்ட்,
ஒருதரம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பியானோ.
(அன்றைக்கு ஒவ்வொரு முறை நிறுத்தியபோதும்
முதுகுக்குப் பின்னால் அது தானாக முனகியது.)

ஜும்பெருக்கு நடைக்கு இருபது லாரி கூலி.
இங்கே காசுக்கு அதுதான் பெயர்.

மலையின் கழுத்தில் ஆரம் என்று
இந்தச் சாலையைப் படம் எடுத்துப் போகிறார்கள்.
ஓட்டுகிறவனுக்கு அது சுருக்கு.
எனக்குத் தெரிந்த ஆரம் வண்டி திரும்புகிற ஆரம்:
பதின்மூன்று மீட்டர்.
வளைவு பதினொன்றரைக்கு மேல் தராது.
இருவரிடமும் பேசிப் பார்த்தாயிற்று.

ஸுக்திதியில் முர்மானின் பட்டறை.
முற்றத்தில் வண்டியை முழுசாக ஒடித்து
ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னான்.
சக்கரம் போன தடத்தில் சுண்ணாம்பு தூவி,
நடுவில் முளை அடித்து, கயிறு பிடித்து அளந்தான்.
பிறகு குப்புறப் படுத்து உள்ளே போனான்.
"திரும்ப உன் சக்கரத்துக்கு ஆசைதான்.
இந்த போல்ட் விடவில்லை."
கட்டைவிரல் பருமன்.
எந்தக் காலத்துப் பொறியாளரோ
இதற்குமேல் வேண்டாம் என்று வைத்த முற்றுப்புள்ளி.

ஒன்பது மில்லிமீட்டர் ராவினான்.
டயர் போய் ஸ்பிரிங் பட்டையில் உரசியது.
ஒல்லி டயர் மாட்டினான்.
அப்போதும் உரசியது.
சக்கரத்துக்குப் பின்னால் வளையம் செருகி
இரண்டு விரற்கடை வெளியே தள்ளினான்.
மறுபடி சுற்று, மறுபடி சுண்ணாம்பு.
பழைய வட்டத்துக்குள் ஒரு புது வட்டம்:
பதினொரு மீட்டர், ஒரு சாண்.

"ஒன்று மட்டும் ஞாபகம் வை" என்றான் கையைத் துடைத்தபடி.
"முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுத்துவிட்டு
இவ்வளவு ஒடிக்காதே. உள்ளே மூட்டு நொறுங்கிவிடும்."
தலையாட்டினேன். என் கவனம் வட்டத்தில் இருந்தது.
ஜும்பெர் வாசலில் சாய்ந்து
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

தொள்ளாயிரம் லாரி.
நாற்பத்தைந்து நடையின் கல்கூலி.
திரும்பும் வழியில் கணக்குப் போட்டேன்.
வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர், காய்ந்த சாலை, முதல் நடை.
ஏழாவது வளைவு வந்ததும்
வண்டி நிற்கும் முன்பே வழக்கம்போலக் குதித்தான்.
ஒடித்தேன்.
ஸ்டியரிங் பழைய இடத்தில் நிற்காமல்
இன்னும் கொஞ்சம் போனது,
இருட்டில் ஏறும்போது
கூடுதலாக ஒரு படி அகப்படுவதுபோல.
பாறை நெருங்கி வந்து, பிறகு மனசை மாற்றிக்கொண்டது.
கண்ணாடியில் ஆறு ஒருமுறை தெரிந்து மறைந்தது.
வாய்விட்டுக் கத்தினேன்.
கூடக் கத்த ஆள் இல்லை என்று தெரிந்தபோது
எட்டாவது வளைவுக்கு வந்துவிட்டேன்.

நிறுத்தினேன். எஞ்சின் ஆறும் டிக் டிக்.
கால் மணி நேரம் கழித்து நடந்து வந்தான்,
தோளில் கல்.
அவன் பிடிக்கும் இரண்டு இடங்களிலும்
அது ஆட்டுக்கொம்புபோல மழமழத்திருந்தது.
ஏறினான். கல்லைக் காலிடுக்கில் இறக்கினான்.
கதவைச் சாத்தினான்.

"இனி எதற்கு அது?"

உமியை ஜன்னலுக்கு வெளியே துப்பினான்.
"மழைக்கு.
சேற்றில் முன் இழுவை போடாமல் ஏறிவிடுவாயா நீ?
போட்டால் முழுசாக ஒடிக்க முடியுமா?"

கியரைப் போட்டேன்.

"ஒல்லி டயர் வேறு" என்றான்.