குதிகால்

இந்தக் கட்டடத்துக்குச் சன்னல் இல்லை.
மிச்சிகனில் பனி கொட்டுகிறதா, நின்றுவிட்டதா என்பதை
உள்ளே வருகிறவர்களின் காலணியைப் பார்த்துத்தான்
தெரிந்துகொள்வேன்.

என் பொறுப்பில் இருப்பவை அட்டைகள்.
உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றிலும் ஐந்து வட்டங்கள்.
வட்டங்களுக்குள், ஆறிய தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல,
பிறந்து ஒரு நாளான இரத்தம்.
தலையெழுத்தை இங்கே நாங்கள்
காலிலிருந்து எடுக்கிறோம்.
எனக்கு அபராதச் சீட்டு எழுதிய காவல்காரி,
பல் பிடுங்கிய இளம் மருத்துவர்,
வாக்களிக்கும் வயது வந்த எத்தனையோ பேர்
இங்கே இன்னும் ஒரு நாள் குழந்தைகள்.

வெர்னீஸ் டக்கெட் மூன்றாம் முறையாக வந்தாள்,
பிளின்ட்டிலிருந்து காரோட்டி,
இடுப்பில் ஏழு மாதத்து ஆமோஸோடு.
"இவனுடைய அட்டையைக் கொடுங்கள்."
கொடுக்க முடியாது,
அழிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்றேன்.
படிவம் நான்கு பக்கம்.
"எடுக்கும்போது ஒரு பக்கம்கூட இல்லையே."

நோய் தேடத்தான் எடுத்தோம் என்றேன்.
"தேடினீர்கள். இல்லை என்றீர்கள். சந்தோஷம்.
இல்லாததை ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

ஆராய்ச்சிக்கு, என்றேன்.
பெயரை நீக்கித்தான் தருவோம் என்றேன்.
பத்திரமாக இருக்கும் என்றேன்.
அந்தச் சொல்லுக்குச் சிரித்தாள்.
"குழாயைத் திறந்து பழுப்புத் தண்ணீரை
ஒரு குவளையில் பிடித்துக் காட்டியபோதும்
இதையேதான் சொன்னார்கள்.
இதே மாநிலம். இதே முத்திரை."
குழந்தை என் பேனாவைப் பிடுங்கி
வாயில் வைத்துக்கொண்டது.

அவளிடம் நான் சொல்லாதது:
பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை
தொலைபேசி அடித்தது.
பிறந்து ஆறு நாளான என் ஹலீனாவுக்குத்
தாய்ப்பால் ஆகாது, இப்போதே நிறுத்து என்றது ஒரு குரல்.
மார்பு கட்டிக்கொண்டு இரண்டு வாரம் வலித்தது.
அவள் பிழைத்தாள்.
ஒரு சொட்டை யாரோ உற்றுப் பார்த்ததால் பிழைத்தாள்.
அந்த ஊசியை எந்த வாயால் திட்டுவேன்?

இன்னொன்றும் சொல்லவில்லை.
போன இலையுதிர் காலத்தில் துப்பறிவாளர் ஒருவர்
நீதிமன்றத் தாளோடு வந்தார்.
ஓர் எண் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.
தேடுவது தகப்பனையாம்,
பிள்ளையின் அட்டை போதுமாம்.
கையெழுத்துப் போட்டேன்.
மேலாளர் தன் ரொட்டியில் பாதியை நீட்டினார்,
வாங்கித் தின்றேன்.

மார்ச்சில் உத்தரவு வந்தது:
டக்கெட், ஆண் குழந்தை, அழிக்கலாம்.
உலைக்கு அனுப்புமுன்
விளக்கடியில் தூக்கிப் பார்த்தேன்.
மூன்றாவது வட்டத்தில் இரத்தம்
கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது.
காலை உதறியிருக்கிறான்.

கடிதம் கிடைத்ததும் வெர்னீஸ் அழைத்தாள்.
"சரி, தாள் போயிற்று.
ஏற்கெனவே வாசித்தது?"
யார் வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது,
எத்தனை பிரதி என்று தெரியாது,
அது என் பிரிவு இல்லை.
இப்படியே சொன்னேன், இதே வரிசையில்.
மறுமுனையில் ஆமோஸ் ம், ம் என்றான்,
கதை கேட்கிறவன் மாதிரி.
பிறகு அவள் வைத்துவிட்டாள்.

வீட்டில் ஹலீனா சோபாவில் கால் நீட்டி
வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள்.
குதிகாலில் தழும்பு தேடினேன். இல்லை.
"என்னம்மா பார்க்கிறே?"

நாற்பத்தோராம் வரிசை, கீழிருந்து மூன்றாவது பெட்டி.
வேலையில் சேர்ந்த முதல் வாரமே தெரியும்.
வைத்திருக்கட்டுமா என்று அவளைக் கேட்டதில்லை.
இருக்கிறது என்று சொன்னதும் இல்லை.

"காலுறை போட்டுக்கொள்" என்றேன்.
"குளிர்கிறது."