தகரமும் நுரையும்

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஆஸ்பத்திரியின் இரவு முடிந்து
லியோனாவின் கார் தெருமுனை திரும்பும்போதே
பொத்தானை அழுத்திவிடுவாள்.
எங்கள் கராஜ் கதவு
தகரத் தொண்டையைச் செருமிச் செருமி
பாதியில் நின்று, யோசித்து, மேலே போகும்.
அவளுக்கு முன்னால்
சஸ்காட்செவனின் காற்று உள்ளே நுழைந்து
தன் வண்டியை நிறுத்திக்கொள்ளும்.

அவள் பகலில் தூங்கும் அறை
கராஜின் தலைக்கு மேலே.
இரண்டு ஜோடிக் காலுறை, அதன்மேல் என்னுடையது.
"தரை கடிக்குது, மைரன்" என்பாள்
குறை சொல்லும் குரலே இல்லாமல்.
அதுதான் எனக்குக் கடிக்கும்.

கதவு விற்க வந்த பையன்
குறுக்கே அறுத்த ஒரு துண்டை மேசையில் வைத்தான்.
இரண்டு இரும்புத் தோல்,
நடுவே மூன்று விரற்கடை மஞ்சள் நுரை.
அந்தப் பக்கம் ஐஸ் பையை அழுத்திப் பிடித்து
இந்தப் பக்கம் கை வைக்கச் சொன்னான்.
வைத்தேன். குளிரே இல்லை.
பிறகு விலையைச் சொன்னான்.
குளிர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு கெர்ஹார்ட் வேலி வழியே கேட்டார்:
காருக்கு ஜலதோஷம் பிடிக்குமா?
அடுப்பே இல்லாத கொட்டகையில்
எந்தச் சூட்டைக் காக்கப் போகிறது உன் நுரை?
அம்மணமாய் நிற்கிறவனுக்குத்
தொப்பி மட்டும் எதற்கு?
நியாயம்தான்.
ஆனால் நியாயமான கேள்விக்குத்
தூக்கத்தைக் கெடுக்கும் குணம் உண்டு.

ஏரியில் பனியைத் துளைத்து மீன்பிடிக்கும் குடிலிலிருந்து
வெப்பமானியைக் கழற்றிவந்து
கராஜில் மாட்டினேன். ஒன்பது இரவு.
விதைக் கம்பெனி காலண்டரின் பின்பக்கம்
வெளியே இருபத்தொன்பது, உள்ளே பதினேழு.
வெளியே முப்பத்துநாலு, உள்ளே பத்தொன்பது.
எல்லாம் பூஜ்யத்துக்குக் கீழேதான். ஆனாலும்
அடுப்பில்லாத இடத்துக்கு
இந்தப் பதினைந்து டிகிரியை யார் கொடுத்தது?
நாங்கள்தான்.
காசு கொடுத்து எரிக்கும் எரிவாயு
சொல்லாமல் கொள்ளாமல் அவள் தரை வழியே இறங்கி
தகரத்தைத் தொட்டுவிட்டுத் தெருவுக்குப் போகிறது.

பத்தாம் நாள் விடியுமுன்
உள்ளே விளக்கை அணைத்துவிட்டு நின்றேன்.
தெருவிளக்கு
கதவைச் சுற்றிலும் கோடு போட்டுக் காட்டியது.
கீழே, ரப்பர் தின்றுபோன இடத்தில்
உப்பைக் கொட்டி வைத்ததுபோல் ஒரு வரி பனி,
அதன்மேல் எலியின் காலடி.
வெளிச்சம் நுழைகிற இடத்தில் குளிர் என்ன
அனுமதியா கேட்கப் போகிறது?

நாற்பது டாலருக்கு ரப்பர் பட்டை.
அன்றிரவு நான்கு டிகிரி எங்களோடு தங்கிவிட்டது.
கெர்ஹார்ட் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆனால் காலண்டரில் எழுதாத ஒன்று இருக்கிறது.
காலை எட்டுக்கு நான் கிளம்ப வேண்டும்.
அந்தக் கதவைத் திறந்தால்
மேலே அவள் விழித்துவிடுவாள்.
அதனால் மூன்று குளிர்காலமாக
என் டிரக் தெருவில்தான் நிற்கிறது,
எஞ்சினைச் சூடாக்கும் ஒயர்
மூக்குக்குழாய்போல் முகப்பில் தொங்க.
கண்ணாடிப் பனியைச் சுரண்டும்போது
கையுறைக்குள் இரண்டு விரல் எனக்கில்லை.
கராஜில் இடமில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.
அறுவடைச் சாமான்கள், என்றிருக்கிறேன்.

பையனைத் திரும்ப வரச்சொன்னேன்.
துண்டுக் கதவைக் கையில் வாங்கி
விரல் மடக்கித் தட்டினேன்.
ரொட்டியைத் தட்டியதுபோல்
சத்தம் உள்ளேயே அமுங்கிப்போனது.
இன்னொரு முறை தட்டினேன்.

"எடை கூடுதல், ஸ்பிரிங்கும் மாற்றணும்" என்றான்.
மாற்று.
"மேல்தளத்திலும் பஞ்சு திணித்தால்தான் முழுப் பலன்."
அது கோடையில், நானே செய்வேன்.
"குளிருக்காகத்தானே எடுக்கிறீர்கள்?"
ஆமாம் என்றேன்.

படிவத்தை நிரப்பிக்கொண்டே
என்ன நிறம் வேண்டும் என்று உரக்கக் கேட்டான்.
மெதுவாகப் பேசு, என்றேன்,
மேலே ஆள் தூங்குகிறது.