ஆறில் ஒன்று

பாலம் தாண்டி நிபோங் திபால் போய்ச் சேர
எட்டே கால்.
மூன்றாம் ஆண்டு, கடைசி வரிசை.
ஒன்பது வயதுக்காரன் நாற்காலியில்
ஐம்பத்திரண்டு வயதை மடித்து வைத்தேன்.

மடியில் மேற்பார்வைப் படிவம்,
பதினான்கு கட்டங்கள்.
பீடத்தில் நாங்களே கூடி
இரண்டு நாள் சண்டை போட்டு வரைந்தவை.

ஹேமலோஷினி
ரொட்டி சானாய் அளவில் ஒரு தாள் வட்டத்தை
நாலாக வெட்டினாள்.
"ஆளுக்குக் கால் பங்கு."
"எங்க வீட்ல ஆறு பேரு டீச்சர்"
என்றான் ருபன்.

இன்றைய பாடத்தில் ஆறு இல்லை.
அது அடுத்த வாரம்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.
அதற்கே ஒரு மதிப்பெண் தரலாம்,
கட்டம் இல்லை.
மின்விசிறி கிறீச்சிட்டது.
என் பேனா 'நேர நிர்வாகம்' மேல் இறங்கி
நின்றது.

"எனக்கும் சட்டுனு வரல.
இந்தா கத்தரி, நீயே வெட்டிக் காட்டு."

வெட்டினான்.
ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று கோணல்.
"பெருசு யாருக்கு?"
"அம்மாவுக்கு. நைட் ஷிப்ட்."
வகுப்பே எழுந்து வாதாடியது,
அப்படீன்னா அது ஆறில் ஒன்னே இல்ல என்று.
மணி அடித்தும் தீரவில்லை.

வாசல்வரை வந்த தலைமையாசிரியை
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"தேறிடுவாளா சார்? எங்களுக்கு ஆள் பத்தல."
அங்கே சொல்லக்கூடாது, விதி.
தலையை எப்படியோ ஆட்டிவைத்தேன்.

திரும்புகையில் பாலத்தில் நெரிசல்.
லாரிகளுக்கு நடுவே
பதினைந்தாவது கட்டத்துக்குப் பெயர் தேடினேன்.
வந்ததெல்லாம் சுற்றறிக்கைத் தமிழ்.

சட்டைப் பையில்
ருபன் எனக்கென்று கொடுத்த துண்டு.
சின்னது.